கொப்பு கழிக்கும் காலம்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள், ஊரில் ஒரு மாமரத்தையேனும் பலாமரத்தையேனும் விட்டு வராத குடும்பம் அரிது. வீட்டை வாடகைக்கு விட்டிருப்போம், வயலை விற்றிருப்போம், ஆயினும் பத்து சென்ட் விளையில் நிற்கும் அந்த இரண்டு மூன்று மரங்களை இன்றும் நம்முடையவை என்றே சொல்லிக்கொள்கிறோம். சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் அம்மரங்களைப் பற்றிய பேச்சு எழாமற் போவதில்லை. அப்பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் வினா ஒன்றுண்டு: பழமரங்களைக் கவாத்துச் செய்வதற்கு ஏற்ற காலம் எது? ஒருவர் மார்கழி என்பார். மற்றொருவர் சித்திரை என்பார். மூன்றாமவர், "நாம் ஊருக்குப் போகும்போதுதான், வேறு எப்போது முடியும்?" என்பார். மூன்றாமவர் சொல்வதுதான் பெரும்பாலும் நடைபெறுகிறது. தீங்கு விளைவதும் பெரும்பாலும் அதனால்தான். இதை நான் பிறரிடம் கேட்டு எழுதவில்லை. நானே செய்து அறிந்தேன்.

என் ஊர் வெள்ளறடை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், கேரளமும் தமிழகமும் தோளோடு தோள் உரசிக்கொள்ளும் விளிம்பில் அது இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அடுத்த தாலுகாவாகிய விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் பனச்சமூட்டுச் சந்தைக்குப் போகிறவன் எல்லையை எத்தனை முறை கடந்தோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மரங்களும் எண்ணுவதில்லை. பலாவை இரு மாநிலங்களுமே தத்தம் கனியாகக் கொண்டிருக்கின்றன. கேரளம் அதனை 2018ஆம் ஆண்டில் முறையாக அறிவித்தது. மாதங்களின் பெயர் மட்டும் வேலிக்கு வேலி மாறும். ஒரு விளையில் ஆவணி என்பது அடுத்த விளையில் சிங்ஙம். இங்கே ஐப்பசி என்றால் அங்கே துலாம். பெயர் எதுவாயினும் மழை ஒன்றே.

மரத்தில் கத்தி வைக்கும் காலத்தை அறிய விரும்புவோர் முதலில் அந்த மழையை அறிய வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமே பெருமழை. எங்கள் தென்கோடிக்கோ இரு பருவமும் உண்டு. இடவம் பாதியாகும்போது, அதாவது ஜூன் மாதத் தொடக்கத்தில், தென்மேற்கு மழை மலையில் மோதி இறங்கும். ஆனியும் ஆடியும் விளையெல்லாம் சொட்டச் சொட்ட நிற்கும். பிறகு ஆவணியில் மழை தளரும், வெயில் முகம் காட்டும், ஓணம் வரும். மறுபடி ஐப்பசியில் துலாவர்ஷம் பிற்பகல் இடியோடு தொடங்கும். அது ஓய்ந்தபின் மார்கழி, தையில் வறண்ட காற்றும் குளிர்ந்த இரவுமாக மாம்பூவின் பருவம் வந்துவிடும். இரு மழைக்கும் நடுவில் உள்ள அந்த ஆறேழு வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை அதைச் சுற்றியே நடக்கப் போகிறது.

2011ஆம் ஆண்டு மார்கழியில் 18 நாள் விடுப்பில் ஊருக்குச் சென்றிருந்தேன். எங்கள் வீட்டின் பின்புறம் என் பாட்டனார் நட்ட கோட்டுக்கோணம் வருக்கை மாமரம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து ஊரொன்றின் பெயரையே தாங்கிய அந்த மாம்பழத்தின் செந்நிறத் தோலையும் இனிய மணத்தையும் தென்திருவிதாங்கூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. மரம் வீட்டின் ஓட்டுக்கூரை மேல் படர்ந்திருந்தது. இலை விழுந்து கூரை வாய்க்கால் அடைத்துக்கொள்கிறது என்று அம்மா எப்போதோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். மகன் என்ற முறையில் ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆவல் எனக்கு. மரமேறும் பெரியவர் ஒருவரை அழைத்து, கொப்புகளையெல்லாம் ஒட்ட வெட்டிவிடும்படி சொன்னேன்.

அவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாரே, கொப்பு நுனியிலே கண்ணு திரண்டு நிக்குது. இப்பமா வெட்டணும்?" என்று கேட்டார்.

எனக்கோ திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வடநாட்டு மாந்தோப்புகளில் டிசம்பரில் கவாத்துச் செய்வதாக எங்கோ படித்த நினைவும் இருந்தது. "ஆம், இப்போதேதான்" என்றேன். மாலைக்குள் மரம் கை கால் இழந்த மனிதனைப் போல நின்றது. கூரை சுத்தமாயிற்று. மனநிறைவோடு ஊர் திரும்பினேன்.

அந்த ஆண்டு மரம் பூக்கவில்லை. அடுத்த ஆண்டும் பூக்கவில்லை. கம்பு கம்பாக, நெட்ட நெடுகத் துளிர்கள் எழுந்தன, இலை மிகுந்தது, ஒரு பூங்கொத்துக்கூட இல்லை. மூன்றாம் ஆண்டில் நாலைந்து காய் கண்டதாகக் கேள்வி. அதுவரை என் தாயார், தம் வாழ்நாளில் முதன்முறையாக, மாங்காயைப் பனச்சமூட்டில் விலை கொடுத்து வாங்கினார்கள். ஆண்டுதோறும் யாராவது ஊர்க்காரர் கைவசம் எங்களுக்கு வந்துகொண்டிருந்த உப்புமாங்காய்ப் புட்டியும் நின்றது. அதைப் பற்றி ஒரு நாள் நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "மரம் செத்தா போச்சு மக்களே? வரும், வரும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்கள். அந்தச் சொல்லில் குறையே இல்லை. அதனால்தான் அது எனக்கு நெடுநாள் உறுத்திற்று.

நான் செய்த பிழை இன்னதென்று பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமரம் பூப்பது பழைய கட்டையிலன்று. சென்ற சில மாதங்களில் துளிர்த்து, செம்மை மாறிப் பசுமையாகி, நன்கு முற்றிய சிறு கொப்புகளின் நுனிக்கண்ணில்தான். மார்கழியில் அக்கண்கள் பூவாவதற்கு ஆயத்தமாகத் திரண்டு நிற்கின்றன. பெரியவர் விரல் நீட்டிக் காட்டியது அதைத்தான். அந்த நேரத்தில் நுனியை வெட்டுவது, கதிர் வாங்கும் நெல்லை மாட்டுக்கு அறுத்துப் போடுவதற்கு ஒப்பாகும். அத்தோடு நான் நிற்கவில்லை. பெருங்கொப்புகளையும் ஒரே நாளில் வெட்டியதால், மரம் தான் இழந்த இலையை மீட்பதிலேயே இரண்டு மூன்று ஆண்டு முனைந்துவிட்டது. மரத்துக்கு இலைதான் அடுப்பு. அடுப்பை இடித்துவிட்டு விருந்து எதிர்பார்த்தேன்.

நான் படித்ததாகச் சொன்ன டிசம்பர்க் கவாத்தும் பொய்யன்று. லக்னோவிலுள்ள மத்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், காய்ப்பு ஓய்ந்த முதிய மாமரங்களைப் புதுப்பிக்க டிசம்பர் மாதத்தில் பெருங்கொப்புகளைத் தறிக்கும் முறையைப் பரப்பியிருக்கிறது. ஆனால் அம்முறையில் முதலிரண்டு ஆண்டு விளைச்சலை வேண்டுமென்றே இழக்கிறார்கள். மறுபடி துளிர்ப்பவற்றுள் வேண்டியவற்றை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றைக் களைந்து வளர்க்கிறார்கள். வடநாட்டு மாமரம் பூப்பதும் நம்மூர் மரத்தைவிடப் பிந்தித்தான். அது கிழமரத்துக்குச் செய்யும் அறுவை மருத்துவம். காய்த்துக்கொண்டிருக்கும் மரத்துக்கு முடி திருத்துவதன்று.

குளிர்நாடுகளில் குடியேறிய நம்மவருக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. அந்நாடுகளில் ஆப்பிள், பேரி முதலிய மரங்களைக் குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து மரம் உறங்கும்போது, வெட்டித் திருத்துகிறார்கள். இலை உதிருமுன் மரம் தன் உணவை வேரிலும் தண்டிலும் சேமித்துக்கொள்வதால், அப்போது கொப்பை இழப்பதால் அதற்கு இழப்புக் குறைவு. நம் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அவ்வகை மரங்களை டிசம்பர், ஜனவரியிலேயே கவாத்துச் செய்கிறார்கள். குளிர்நாடுகள் சிலவற்றிலும் பிளம், செர்ரி ஆகியவற்றைக் கோடையில்தான் தொடுவார்கள். ஈரக் குளிரில் வெட்டினால் வெள்ளியிலை நோயைத் தரும் பூசணம் காயத்தின் வழியே புகும். தென்கோளத்தில் உள்ள ஆஸ்திரேலியாவிலோ குளிர்காலமே ஜூனில்தான் வருகிறது. ஆகவே, அந்நாட்டுப் புத்தகத்தில் அச்சிட்ட மாதத்தை நம்மூர் மரத்தின் மேல் ஒட்டலாகாது. எங்கள் மாவும் பலாவும் ஆண்டு முழுதும் இலையோடு நிற்பவை. முழு உறக்கம் என்பது அவற்றுக்கு இல்லை. அவற்றுக்குக் கணக்கு இரண்டே: காய்ப்பு முடிந்ததா, மழை வெறித்ததா?

மாமரத்துக்கு இவ்விரண்டும் கூடி வருவது ஆவணி நடுவிலிருந்து புரட்டாசி நடுவரை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களையே சொல்கிறது. அதுவும் ஆண்டுதோறுமன்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை, உள்ளே நெருங்கிக் கிடக்கும் கொப்புகளை எடுத்து வெயிலும் காற்றும் புக விட்டால் போதும் என்கிறது. அப்போது வெட்டினால் சில வாரத்தில் துளிர் வரும். துலாவர்ஷத்தின் ஈரத்தில் அது வளர்ந்து, மார்கழிக்குள் முற்றிப் பூப்பதற்கு அவகாசம் கிடைக்கும். புரட்டாசி கடந்து தாமதிக்கத் தாமதிக்க அந்த அவகாசம் சுருங்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். எங்கள் தென்கோடியில் நீலம் போன்ற சில மரங்கள் ஆண்டில் இருமுறை காய்ப்பதுண்டு. ஆவணியில் அம்மரத்தில் காய் தொங்கினால், அதைப் பறித்து முடியும்வரை கத்தியை உறையிலேயே வைத்திருக்க வேண்டியதுதான்.

"காய்ப்புத்தான் முடிந்துவிட்டதே, ஆனியிலேயே வெட்டினால் என்ன?" என்று கேட்கலாம். திருவாதிரை ஞாற்றுவேலையில் எதை வெட்டி நட்டாலும் வேர்பிடிக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நல்லமிளகுக் கொடி நடுவது அப்போதுதான். ஆனால் நடுவதற்கு உகந்த மழை வெட்டுவதற்கு உகந்ததன்று. ஓயாத ஈரத்தில் வெட்டுவாய் உலராது; பூசணம் அதில் குடியேறும். ரப்பர் வைத்திருப்போர் நன்கறிந்த இளஞ்சிவப்பு நோய் மழைக்காலத்தில் மாவிலும் பலாவிலும்கூடப் பற்றும். மாமரத்தின் தண்டைக் குடையும் வண்டும் மழை தொடங்கியபின்னரே வெளிவந்து பட்டையின் காயங்களிலும் வெடிப்புகளிலும் முட்டையிடும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, பாசி படிந்து வழுக்கும் மரத்தில் ஒரு மனிதன் கத்தியோடு ஏற வேண்டியிருக்கிறது. நம் விடுப்பு முடிகிறதே என்பதற்காக ஆடி மழையில் ஒருவரை மரத்தில் ஏற்றுவதை நான் ஒப்ப மாட்டேன்.

சித்திரையிலும் ஆகாது. அப்போது மாவும் பலாவும் காய்ப் பாரத்தோடு நிற்கும். இலை மூடியிருந்த பட்டை திடீரென்று கொளுத்தும் வெயிலில் பட்டால் வெடித்துப் புண்ணாகும். ஆயினும் ஒரு விலக்குண்டு. பட்டுப்போன கொப்பு, முறிந்து தொங்கும் கொப்பு, காற்றில் கூரை மேல் விழக்கூடிய கொப்பு ஆகியவற்றுக்கு மாதம் பார்க்க வேண்டுவதில்லை. இடவப்பாதிக் காற்று வருமுன் அவற்றை மட்டும் எடுத்துவிடுவதே அறிவுடைமை. கூரை என் தாயாரின் தலைக்கு மேல் இருந்தது. அதை நான் மறக்கச் சொல்லவில்லை. மார்கழியில் அந்த ஒரு கொப்பை மட்டும் எடுத்திருந்தால் கூரையும் தப்பியிருக்கும், மாங்காயும் தப்பியிருக்கும்.

பலா வேறு வகை. வருக்கையாயினும் கூழையாயினும் அது அடிமரத்திலும் பெருங்கொப்பிலும் காய்ப்பது. ஆதலின் நுனியை வெட்டுவதால் பூவை நேராக இழப்பதில்லை. ஆனால் பெருங்கொப்பை வெட்டினால் காய்க்கும் இடமே போய்விடும். ஆனியோடு சக்கைக் காலம் முடிந்தபின், மழை தளரும்போது, உலர்ந்த பழைய காம்புகளையும் உள்ளே நெருங்கிய சிறு கொப்புகளையும் நீக்கினால் போதும். கார்த்திகை தொடங்கிப் பிஞ்சு வரும்போது அடிமரத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். கொய்யா இவற்றுக்கு நேர்மாறு. புதுத்துளிரில் காய்ப்பதால் கத்தியை விரும்பும் மரம் அதுவே. செப்டம்பர், அக்டோபரில் ஒருமுறையும் பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறையும் நுனிகளை விரற்கடை அளவில் கிள்ளி வெட்டுவதுபோல் நாலைந்து அங்குலம் குறைத்தால் பக்கக் கொப்புகள் மிகும். சப்போட்டாவை வெட்டாமல் விடுவதே நன்று. ஒட்டுக்குக் கீழே முளைக்கும் அடிக்கன்றுத் துளிர்களை மட்டும் அவ்வப்போது கிள்ளுக. அண்மைக் காலத்தில் எங்கள் பக்கத்து விளைகளில் புகுந்த ரம்புட்டானுக்குப் பழம் பறித்த கையோடு, பழம் தாங்கிய நுனிகளைக் குறைப்பது வழக்கம்.

காலம் சரியாக இருந்தும் கை தவறினால் பயனில்லை. பெரிய கொப்பை வெட்டுகத்தியால் மேலிருந்து ஒரே வீச்சில் வெட்டினால், கொப்பு தன் பாரத்தில் இறங்கும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். ஆகையால் கைவாளே நன்று. அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கொப்பின் அடிப்புறம் கால்வாசி அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேற்புறமிருந்து அறுத்தால் கொப்பு பட்டையைக் கிழிக்காமல் விழும். எஞ்சிய முண்டை, கொப்பும் தண்டும் சேருமிடத்தில் கழுத்துப்பட்டை போலப் பருத்துத் தோன்றும் வளையத்துக்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். அவ்வளையத்தைச் சேர்த்துத் தண்டோடு தண்டாக மழித்துவிடுவதை முற்காலத்தில் அழகென்று எண்ணினார்கள். அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ பல்லாயிரம் மரங்களை நெடுக்கில் பிளந்து ஆராய்ந்து, காயத்தை அடைத்து அழுகல் பரவாமல் தடுப்பது அவ்வளையத்தின் திசுக்களே என்று காட்டினார். காயத்தில் தார் பூசுவதால் மரம் தேறுவதில்லை என்பதும் அவர் கண்டதே.

எனினும் எங்கள் ஊர் மழைநாட்டு ஊர். மணிக்கட்டைவிடப் பருத்த வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவதை நான் கைவிடச் சொல்ல மாட்டேன். பிரான்சில் போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்தே 1885இல் திராட்சைக் கொடிகளுக்காக வெளியிட்ட மருந்திலிருந்து வந்தது அது. இன்று வெள்ளறடையில் ரப்பர் வைத்திருக்கும் எவர் வீட்டிலும் அதற்குரிய மயில்துத்தம் இருக்கும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கினால் பசை ஆயிற்று. இரும்புப் பாத்திரம் ஆகாது. அன்றே கலக்கி அன்றே பூசுக. எவ்வளவு வெட்டினாலும் ஓர் ஆண்டில் மரத்தின் இலைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகலாகாது.

இனி நம் விடுப்புக்கு வருவோம். மும்பை, தில்லியில் இருப்போர் பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதத்தில் போகிறோம். மரம் காயோடு நிற்கும். வளைகுடா நாட்டினர் ஜூலையில் போகிறார்கள், மழை கொட்டும். மேல்நாட்டினர் டிசம்பரில், நுனிக்கண் திரளும். மூன்றுமே ஆகாத மாதங்களாக அமைந்துவிட்டதை விதியென்பதா, விமான நிறுவனங்களின் சதியென்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஓணத்துக்குப் போக வாய்ப்புள்ளோர் பேறு பெற்றோர். ஏனையோர் மே மாதத்திலோ டிசம்பரிலோ போகும்போது மரத்தடியில் நின்று, எந்தக் கொப்பு எடுபட வேண்டும் என்று முடிவு செய்து, அதில் சுண்ணாம்பால் ஒரு வளையம் இட்டுவிட்டு வரலாம். படம் எடுத்துக்கொண்டு வந்து, ஆவணி பிறந்ததும் மரமேறுவோருக்கு அனுப்பிவைக்கலாம். "நிறையக் கழித்துவிடுங்கள்" என்று மட்டும் தொலைபேசியில் சொல்லாதீர்கள். நிறைய என்பது கத்தி பிடித்தவருக்கு ஓர் அளவு, கூலி கொடுப்பவருக்கு ஓர் அளவு, மாங்காய் ஊறப்போடும் தாய்க்கு வேறோர் அளவு.

நான்காம் ஆண்டு கோடையில் ஒரு ஊர்க்காரர் கைவசம் உப்புமாங்காய்ப் புட்டி வந்தது, பாதிதான் நிறைந்திருந்தது. மரம் இப்போது முன்போலவே காய்க்கிறது. வடக்குக் கொப்பு மறுபடியும் கூரைப் பக்கம் நீண்டுவிட்டது. அன்று என்னிடம் கேட்ட பெரியவருக்கு இப்போது மரமேற முடிவதில்லை. அவர் மகன்தான் ஏறுகிறார். அவரிடம் சொல்லியாயிற்று. ஓணம் கழிந்த வாரத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மழை வெறித்தால்.